பளபளப்பு போகட்டும், பாட்டு வரட்டும்

பழைய வால்வு ரேடியோ இன்று விலைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வருகிறது: வெளியே முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பாலிஷ், உள்ளே எலிப் புழுக்கையும் அறுந்த ஒயரும். மரப்பெட்டியைத் தேய்த்து, புதுத் துணி ஒட்டி, குமிழ்களுக்குத் தங்க வண்ணம் தீட்டி, வரவேற்பறை அலமாரிக்குத் தோதாக ஆக்கிவிடுகிறார்கள். பின்பலகையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. ஓட்டல், துணிக்கடை என்று பழமை தேவைப்படும் இடங்களுக்கெல்லாம் மர்பியும் புஷ்ஷும் பிலிப்ஸும் இப்படித்தான் போய்ச் சேருகின்றன. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. வால்வு ரேடியோவின் உள்ளே தாராளமாகக் கை வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும். தயக்கம் வேண்டியது வெளியே கை வைப்பதற்குத்தான். ரேடியோவை மீட்பது என்றால் மறுபடி பாட வைப்பது. புதிதுபோல மினுக்க வைப்பது வேறு தொழில்.

இந்தப் பெட்டிகள் நம் ஊருக்கு எப்படி வந்தன என்று பார்த்தாலே இதில் பாதி நியாயம் விளங்கிவிடும். சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-இல் சென்னையில் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, 1930 முதல் மாநகராட்சி அந்த வேலையைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் திறக்கப்பட்டன. அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. செட் வாங்க வசதியில்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோவும் பூங்காவின் ஒலிபெருக்கியும் இருந்தன. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டபோது, தமிழ்நாட்டு வீடுகளில் டயல் முள் கொழும்புப் பக்கம் சாய்ந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்ததற்கு இலங்கை வானொலி கொண்டுபோன நேயர் கூட்டமே முக்கியக் காரணம். ஆக, அந்தக் காலத்து ரேடியோவைத் திருகியவர்கள் சும்மா திருகவில்லை. அரசாங்கம் தராத பாட்டைத் தேடித் திருகினார்கள். அலைமாற்றும் குமிழின் ஓரம் தேய்ந்திருந்தால், அது வெறும் அழுக்கல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் கேத்தோடு என்ற முனை சூடாகி எலக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே இருக்கும் பிளேட் என்ற தகடு, 200, 250 வோல்ட் அழுத்தத்தில், அவற்றை இழுக்கிறது. 1904-இல் ஃபிளெமிங் செய்தது இவ்வளவுதான். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையை வைத்தார். அந்த வலையில் சிறு அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் எலக்ட்ரான் ஓட்டம் பெரிதாகக் கூடிக் குறையும்; மெல்லிய சைகை வலுப்பெறுவது இப்படித்தான். 1918-இல் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட சூப்பர்ஹெட் முறை இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. சென்னை முதல் நிலையத்தின் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். முள் அங்கே வரும்போது, பெட்டிக்குள் இருக்கும் ஆசிலேட்டர் 1175-இல் அதிரும். இரண்டும் முதல் வால்வில் கலக்க, இரண்டின் வித்தியாசமான 455 மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அது 455 ஆகிவிடுவதால், மீதிச் சுற்று முழுவதையும் அந்த ஒரே எண்ணுக்கு மட்டும் கூர்மையாகச் சீர்செய்து வைத்துவிடலாம். சில பிலிப்ஸ் செட்டுகளில் இந்த எண் சற்று மாறும், முறை ஒன்றுதான். 1950-களின் பிற்பகுதியில் வந்த சாதாரண வீட்டு செட்டில் இந்த வேலை முழுவதையும் ஐந்து வால்வுகள் பார்த்தன: இ.சி.எச்.81, இ.எஃப்.89, இ.பி.சி.81, இ.எல்.84, இ.இசட்.80. கொஞ்சம் விலை உயர்ந்த செட் என்றால், நிலையம் சரியாகச் சிக்கியதைக் காட்டும் பச்சைக் கண் ஒன்றும் சேரும்.

செட் பாடவில்லை என்றதும் எல்லோரும் முதலில் வால்வைத்தான் சந்தேகப்படுகிறார்கள். வால்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குற்றவாளி மெழுகும் காகிதமும் சுற்றிய கண்டென்சர். அறுபது வருட ஈரத்தில், அதிலும் கடற்கரை ஊர்களின் ஈரத்தில், அந்தக் காகிதம் மின்சாரத்தைத் தடுக்கும் திறனை இழந்துவிடுகிறது. ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒலியைப் பெருக்கும் முதல் வால்வின் பிளேட்டுக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் இ.எல்.84-இன் வலைக்கும் நடுவே சின்னதாக ஒரு கண்டென்சர் இருக்கும். பிளேட்டில் 100 வோல்ட் என்று வையுங்கள். கண்டென்சர் கசிந்து, 20 மெகாஓம் ரெசிஸ்டர்போல நடந்துகொள்கிறது. வலையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. கணக்குப் போட்டால் வலையில் ஏறக்குறைய 5 வோல்ட் நேர் அழுத்தம் ஏறிவிடும். இ.எல்.84 ஒழுங்காக இருக்க, கேத்தோடைவிட அந்த வலை 7 வோல்ட் போல எதிராக நிற்க வேண்டும். அந்த எதிர் அழுத்தத்தில் பெரும்பகுதி கரைந்தால், வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் தலைமுடிபோல மெல்லிய கம்பி எரிந்து போகும். சில ரூபாய்க் கண்டென்சரை மாற்றாமல் விட்டதற்குத் தண்டனை, எளிதில் கிடைக்காத டிரான்ஸ்பார்மர். முதல் பத்து நிமிடம் பாட்டு இனிமையாக வருவதால்தான் இந்தக் கோளாறு பலரை ஏமாற்றுகிறது. 'பிளக்கைச் சொருகினேன், பாடியது, அப்படியே விட்டுவிட்டேன்' என்று சொல்பவர்கள், தங்கள் செட்டை வதைக்கிறார்கள் என்பதுதான் உண்மை.

இங்கே தூய்மைவாதிகள் குறுக்கிடுவார்கள். கண்டென்சரை மாற்றினால் செட்டின் அசல் தன்மை போய்விடாதா? இது வலுவான கேள்வி. ஓவியத்துக்கும் செப்புத் திருமேனிக்கும் இதைக் கேட்டால் பதில் 'ஆமாம், தொடாதே' என்பதாகத்தான் இருக்கும். ரேடியோ அந்த வகையில் சேராது என்பதற்கு அதன் அமைப்பே சாட்சி. வால்வுகள் பற்றவைக்கப்படவில்லை, பிடுங்கி மாற்றுவதற்காக சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கின்றன. கம்பெனிகள் சர்வீஸ் குறிப்புகளையும் சர்க்யூட் படங்களையும் அச்சிட்டது, பிரித்து மேயப்படும் என்று தெரிந்துதான். இருபது வருடம் ஓடிய எந்தச் செட்டும் ஒரு மெக்கானிக் கைக்காவது போய்வந்திருக்கும். அதன் பில்டர் கண்டென்சர் ஒருமுறையாவது மாறியிருக்கும். அசல் என்று நாம் போற்றும் பாகம், யாரோ ஒரு கடைத்தெரு மெக்கானிக் 1965-இல் போட்டதாகவே இருக்கலாம். தேய்ந்தால் மாற்று என்ற எண்ணத்தோடு கட்டப்பட்ட பொருளில், தேய்ந்ததை மாற்றுவது அதன் வரலாற்றைத் தொடர்வது. ஆனாலும் தூய்மைவாதிகள் சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன்: கழற்றிய பாகத்தைக் குப்பையில் போடக் கூடாது. பழைய கண்டென்சரின் அட்டைக் கூட்டைச் சூடாக்கி உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதுக் கண்டென்சரை அதற்குள் வைத்து மெழுகால் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமை இருந்தால் செய்யலாம். இல்லையென்றால், கழற்றியவற்றை ஒரு உறையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும்.

மரத்துக்கு வருவோம். வால்நட் மரம் என்று நாம் வியக்கும் பெட்டி, உண்மையில் ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வால்நட் வெனீர். அதற்கும் மேலே லாக்கர். உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால், மூலைகளில் வெனீர் தேய்ந்து கீழே உள்ள வெளிர்ப் பலகை தெரியும். பிறகு அதை மறைக்க இருண்ட சாயம், சாயத்தை மறைக்க பி.யு. பாலிஷ். மர்பி கம்பெனி 1930-களில் தன் பெட்டிகளை வடிவமைக்க ஆர்.டி.ரஸ்ஸல் என்ற மரத்தளவாடக் கலைஞரை வைத்துக்கொண்டது. நகாசு வேலை இல்லாமல், மரத்தின் வரியே அழகு என்று நம்பியவர் அவர். அப்படிப்பட்ட பெட்டியின் வரி தெரியாமல் பாலிஷ் ஊற்றுவதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. இதைவிடக் கொடுமை டயல் கண்ணாடிக்கு நடக்கிறது. நிலையப் பெயர்கள் கண்ணாடியின் பின்பக்கம் வண்ணத்தால் அச்சிடப்பட்டவை. அறுபது வருடத்தில் அந்த வண்ணம் பிடிமானம் இழந்து பொடியாக நிற்கும். ஈரத்துணியால் ஒரே ஒரு துடைப்பு; டெல்லி, பம்பாய், மெட்ராஸ் எல்லாம் துணிக்கு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்துத் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் போதும். போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மங்கிய பெட்டியை யார் வாங்குவார்கள் என்று வியாபாரிகள் கேட்பார்கள். வீட்டுக்காரர்களும், தாத்தா வாங்கியபோது இருந்ததுபோலப் பார்க்கத்தானே ஆசைப்படுவார்கள்? ஆசை நியாயமானது, ஆனால் பாலிஷ் போட்ட பெட்டி, தாத்தா வாங்கியபோது இருந்ததுபோல ஆவதில்லை. அந்தக் காலத்து லாக்கருக்கு இன்றைய பிளாஸ்டிக் பூச்சின் மினுக்கு கிடையாது. மேல்பலகையில் பூந்தொட்டியோ விளக்கோ வைத்த வட்டத் தடம், பக்கவாட்டில் பின்னால் எட்டிப் பிடித்து நகர்த்திய கைகளின் கறை, பின்பலகையின் உள்ளே மெக்கானிக் பென்சிலால் எழுதிய தேதி, கடைப் பெயர் அச்சிட்ட சிறு தகடு: இவையெல்லாம் அந்தச் செட் எங்கே இருந்தது, யார் கேட்டார்கள், எந்த ஊர்க் கடையில் பழுது பார்த்தார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே ஆவணம். கோயில் கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கியவர்களை நாம் எவ்வளவு ஏசியிருக்கிறோம்! இந்தத் தடங்களைக் காக்கச் சட்டமும் துணைக்கு வராது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு வயதாவது ஆனால்தான் ஒரு பொருள் தொல்பொருள் ஆகும். நம் வீடுகளில் இருக்கும் வால்வு ரேடியோக்கள் பெரும்பாலும் அந்த வயதை எட்டவில்லை. கரையானும் உளுவும் தின்ற இடத்தை அடைப்பதும், பிரிந்த வெனீரை ஒட்டுவதும், லேசாக மெழுகு தேய்ப்பதும் அவசியம். லாக்கர் முழுக்க உரிந்த பெட்டிக்கு மறுபூச்சுகூடக் கொடுக்கலாம். லாக்கர் இருக்கும்போது உரிப்பதுதான் தவறு.

மின்சார ஆபத்து பற்றிய எதிர்வாதத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். நகரங்களின் சில பகுதிகளில் முன்பு டி.சி. மின்சாரம் இருந்ததால், ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் செட்டுகள் நிறைய விற்றன. அவற்றில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது. வால்வுகளின் ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து, நேராகச் சுவர்க் கரண்டில் மாட்டியிருப்பார்கள். யு.சி.எச்.81, யு.எஃப்.89, யு.பி.சி.81, யு.எல்.84, யு.ஒய்.85 என்ற வரிசையை எடுத்தால் ஹீட்டர்களுக்கு ஏறக்குறைய 130 வோல்ட் போகும். மீதி 100 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் விழுங்கி, 10 வாட் சூடாக வெளியே விடும். இந்தச் செட்டுகளின் உள்மரம் ஒரு பக்கம் கருகியிருப்பதற்குக் காரணம் அதுதான். கருகலை விடக் கவலை தருவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தகடான சேசிஸ்: அது மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பழைய இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகடு முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்ற தண்டிலோ, குமிழைப் பிடிக்கும் திருகிலோ விரல் பட்டால், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிர்போகும் விஷயம். ஆகவே, தெரியாதவர்கள் தொடக் கூடாது என்பது முழுக்கச் சரி. செட்டையே ஓட்டக் கூடாது என்பது மட்டும் தவறான முடிவு. ஏரியல், எர்த் துளைகளைச் சேசிஸிலிருந்து பிரிக்கும் கண்டென்சர்களுக்குப் பதில் ஒய் வகைப் பாதுகாப்புக் கண்டென்சர், பொடிந்த ரப்பர் ஒயருக்குப் பதில் புது ஒயர், ஒரு பியூஸ், பழுது பார்க்கும் மேசையில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், முதல் முறை ஆன் செய்யும்போது சீரிஸில் ஒரு குண்டு பல்பு. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் மேலே போகலாம். இவ்வளவையும் உள்ளே கை வைக்காமல் செய்ய முடியாது. பாலிஷ் மட்டும் போட்டு, பழைய ரப்பர் ஒயரோடு விற்கப்படும் செட்தான் உண்மையில் ஆபத்தானது. வாங்குகிறவர் என்றைக்காவது ஒருநாள் அதைச் சொருகிப் பார்க்கத்தான் செய்வார். வேரியாக் வைத்து மெல்ல மெல்ல மின்னழுத்தம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு அதனால் ஓரளவு உதவி உண்டு. கசியும் காகிதக் கண்டென்சரை அது குணப்படுத்தாது.

கடைசியாக, பலரும் முதலில் கேட்கும் கேள்வி: பாட வைத்துத்தான் என்ன கேட்பது? பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஓடு முடிந்தது. அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி பழைய ஒலிபரப்பிகள் பலவற்றை மூடியிருக்கிறது. மிஞ்சிய மத்திய அலையிலும் எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து இரைகின்றன. அதனால் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு புளூடூத் போர்டையும் சின்ன ஆம்ப்ளிபயரையும் வைத்தால், பெட்டியாவது பயன்படுமே என்கிறார்கள். இதற்குப் பதில் செட்டின் பின்னாலேயே இருக்கிறது. ஏராளமான செட்டுகளில் கிராமபோன் மாட்டுவதற்காகப் பிக்கப் என்று குறித்த இரண்டு துளைகள் உண்டு. டிரான்ஸ்பார்மர் உள்ள ஏ.சி. செட்டாக இருந்தால், ஸ்டீரியோவின் இரு பக்கத்தையும் இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, ஒரு புளூடூத் ரிசீவரை அந்தத் துளையில் மாட்டலாம். ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம். அதே வால்வு, அதே ஸ்பீக்கர், பிடுங்கினால் பழையபடி ரேடியோ. டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டில் மட்டும் போனையோ வேறு எதையோ ஒயர் போட்டு இணைக்காதீர்கள். சிரமம் இல்லாத வழி இருக்கும்போது சுற்றைப் பிடுங்குவதற்கு, எனக்குத் தெரிந்தவரை, சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. பத்தடி ஒயரை மாடியில் ஏரியலாகக் கட்டி, ராத்திரியில் திருப்பிப் பார்த்தால் தொலைதூர நிலையங்கள் இன்னும் சிக்கத்தான் செய்கின்றன.

வால்வு செட்டின் ஒலி இனிமை பற்றிய பேச்சில் கொஞ்சம் மிகை உண்டு. மத்திய அலையில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வருவதில்லை; உச்ச ஒலிகள் குறைந்து, பின்பக்கம் திறந்த மரப்பெட்டியில் பெரிய ஸ்பீக்கர் பாடும்போது பேச்சுக் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கிறது. மாயம் ஒன்றுமில்லை. அந்தக் கனம் கேட்க நன்றாக இருக்கிறது என்பதும் உண்மைதான். சேகரிப்பவர்கள் பெயர் பெற்ற கம்பெனியையும் பச்சைக் கண்ணையும் துரத்துகிறார்கள். அவை இன்னும் நிறையவே இருக்கின்றன. அருகி வருவது, பாகங்களை வாங்கி ஊர் மெக்கானிக்குகள் கூட்டிக் கட்டிய பெயரில்லாத செட்டுகளும், மின்சாரம் எட்டாத கிராமங்களுக்காக 90 வோல்ட் பேட்டரியில் ஓடிய டி.கே.96, டி.எல்.96 வால்வு செட்டுகளும்தான். விலை போகாது என்பதால் அவை காயலான் கடைக்குப் போய், ஸ்பீக்கர் காந்தமும் டிரான்ஸ்பார்மர் செம்புமாகப் பிரிந்துவிடுகின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், பாலிஷ்காரரைக் கூப்பிடும் முன் பிளக் மாட்டாமல் பின்பலகையைக் கழற்றி, உள்ளே நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வால்வில் எழுதியிருக்கும் எண்களைத் துடைக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து விரல் பட்டாலே அழியும். வால்வு செட்டில் வேலை தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அவர் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். பின்பலகையையும் கழன்ற குமிழையும் தனியாக எங்கும் போட்டுவிடாதீர்கள். கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் இன்றைக்கும் கிடைக்கும். அந்த மாடலின் குமிழ் கிடைக்காது.